வேவர்லி உட்ஸனுக்குச் சேர வேண்டிய பதக்கம்: அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கும், ராணுவத் துறையில் வீரப் பதக்கங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்த வேவர்லி உட்ஸன் ஜூனியருக்கு, உங்கள் நாட்டின் மிக உயரிய ராணுவ வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானரை வழங்குங்கள். இந்த மடலில் நான் கேட்பது இது ஒன்றுதான். 2024 ஜூன் மாதம், அவர் இறந்து 19 ஆண்டுகள் ஆகப்போகிற சமயத்தில், அதற்கு அடுத்த படியில் இருக்கும் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் பதக்கத்தை அவருக்கு அறிவித்தீர்கள். அதற்கு மனமார நன்றி. ஆனால் அதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். உங்கள் அலுவலகங்களில் இதைப் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள். உட்ஸன் யார் என்பதே தெரியாத தமிழ் வாசகர்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் என் ஆசை.

உட்ஸன் 1922 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். டாக்டராக வேண்டும் என்று பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கறுப்பின மாணவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட பழைய கல்லூரி அது. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 1942 டிசம்பரில், படிப்பை நிறுத்திவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். தேர்வில் நல்ல மதிப்பெண். விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவின் அதிகாரி பயிற்சிக்குத் தேர்வானார். அங்கே இருந்த கறுப்பர்கள் இரண்டே பேர். பயிற்சி முடியும் முன்பே, கறுப்பின அதிகாரிக்கு வேலை போட இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, வீட்டுக்குப் போகிறேன் என்று அவர் கிளம்பிவிடவில்லை. மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குப் போனார். அங்கிருந்து டென்னசியில் இருந்த டைசன் முகாமுக்கு. 320ஆவது தடுப்பு பலூன் படைப்பிரிவில் சேர்த்தார்கள்.

இந்தப் படைப்பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸின் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நார்மண்டி தரையிறக்கத்தைப் பற்றி எவ்வளவோ பேசியவர்கள் இவர்களைப் பல காலம் பேசவே இல்லை. ஹைட்ரஜன் நிரப்பிய பலூன்களை இரும்புக் கம்பியில் கட்டிக் கரைக்கு மேலே மிதக்கவிடுவது இவர்கள் வேலை. தாழப் பறந்து வந்து சுடும் ஜெர்மன் விமானங்கள் கம்பியில் சிக்கிவிடுவோமோ என்று பயந்து மேலேயே போக வேண்டியிருக்கும். மேலே போனால் குறி தப்பும். கேட்பதற்கு எளிய வேலை. ஆனால் குண்டுமழை பொழியும் கடற்கரையில், தலைக்கு மேல் தீப்பிடிக்கும் வாயுவைக் கட்டிக்கொண்டு, திறந்த வெளியில் நின்று செய்ய வேண்டிய வேலை. 1944 ஜூன் 6 அன்று அந்தக் கரைகளில் இறங்கிய ஒரே கறுப்பினப் போர்ப் படைப்பிரிவு இதுதான். சுமார் 600 பேர். நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரே பிறகு இவர்களைப் பாராட்டினார்.

அன்று காலை நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையை நோக்கி வந்த படகு ஒன்றில் உட்ஸன் இருந்தார். வயது 21. படகு கண்ணிவெடியில் மோதியது. அப்புறம் பீரங்கிக் குண்டுகள் வந்து விழுந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் செத்து விழுந்தார்கள். குண்டுச் சில்லுகள் உட்ஸனின் தொடைப் பக்கம் கிழித்துக்கொண்டு போயின. கூட வந்த இன்னொரு மருத்துவ உதவியாளர் ஒரு கட்டுப்போட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்தக் கட்டோடு கரையேறினார். ஒதுங்கிக் கிடந்த ஒரு கூடாரத் துணியை எடுத்து, பாறைச் சரிவின் அடியில் ஒரு முதலுதவி நிலையம் அமைத்தார். காலை பத்து மணி வாக்கில் உட்கார்ந்தவர் மறுநாள் மாலை நாலு மணி வரை எழவில்லை. முப்பது மணி நேரம்.

அந்த நேரத்தில் அவர் செய்தவை என்னென்ன? தோட்டாக்களை வெளியே எடுத்தார். உடைந்த எலும்புகளை நேர்ப்படுத்தி வைத்துக் கட்டினார். பிளாஸ்மா ஏற்றினார். ஒருவரின் பாதத்தை அகற்ற வேண்டி வந்தபோது அதையும் அவரே செய்தார். இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டு வந்த பையன், மேலே கேட்க ஒரு டாக்டர் இல்லாத இடத்தில், மங்கிய வெளிச்சத்தில், தன் காயத்திலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கச் செய்தார். அவர் கையால் சிகிச்சை பெற்றவர்கள் 200 பேருக்குக் குறையாது என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் வெள்ளையர் உண்டு, கறுப்பர் உண்டு. யாரையும் நிறம் பார்த்து வரிசையில் நிறுத்தவில்லை. கடைசியில் மாற்று ஆள் வந்து அவரை விடுவித்த பிறகு, படகிலிருந்து இறங்கும்போது பிடித்திருந்த கயிறு அறுந்து தண்ணீரில் மூழ்கிய சிலரை இழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கும் செயற்கைச் சுவாசம் கொடுத்து மீட்டார். அதன் பிறகுதான் விழுந்தார். மருத்துவக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில், என்னை மறுபடி கரைக்கு அனுப்புங்கள் என்று கேட்டார்.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டின் கடைசியில் கை எப்படித் தடுமாறும் என்பது எனக்குத் தெரியும். நரம்பு கிடைக்காது, கண் ஒட்டும், பக்கத்தில் ஒருவர் ஊசியை வாங்கிக்கொள்ள மாட்டாரா என்று இருக்கும். என் வார்டில் விளக்கு உண்டு, தண்ணீர் உண்டு, கூப்பிட்டால் டாக்டர் வருவார், யாரும் என்னைச் சுடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்திலேயே இந்தக் கதி என்றால், முப்பது மணி நேரம் என்பது என்ன என்று பதக்கப் பரிசீலனை மேஜையில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். வீரம் என்றதும் எதிரியைச் சுட்டவர்களின் கணக்குதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எதிரே ஒருவர் வலியில் கத்தும்போது தன் வலியை ஒதுக்கி வைத்துவிட்டு நூறாவது கட்டையும் முதல் கட்டைப் போலப் போடுவதற்கு வேண்டிய மன உறுதி எந்த விதத்திலும் அதற்குக் குறைந்ததில்லை.

பிளாஸ்மா என்றதும் இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துப் பெரிய அளவில் சேமித்து அனுப்பும் முறையை வளர்த்ததில் முன்னின்றவர் சார்ல்ஸ் ட்ரூ என்ற கறுப்பின மருத்துவர். 1940இல் பிரிட்டனுக்கு ரத்தம் அனுப்பும் திட்டத்தை நடத்தியவர் அவர். அதே காலத்தில்தான் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர்களின் ரத்தமே வேண்டாம் என்றது. 1942 முதல் வாங்கியது, ஆனால் தனியாகப் பிரித்து வைத்தது. போர் முடிந்தும் 1950 வரை அந்தப் பிரிவினை நீடித்தது. ஒமாஹா கரையில் காயம்பட்டுக் கிடந்த வெள்ளைச் சிப்பாயின் கையில் ஊசி ஏற்றியவரின் சொந்த ரத்தத்தை, அந்தச் சிப்பாய்க்குக் கொடுக்க அன்றைய விதி இடம் தரவில்லை. அவர் கை மட்டும் ஏற்கப்பட்டது.

பதக்கக் கதை இங்கே தொடங்குகிறது. 1944 ஆகஸ்டில் ராணுவமே வெளியிட்ட செய்திக் குறிப்பில் உட்ஸனும் அவருடன் இருந்த மருத்துவ உதவியாளர்களும் பாராட்டப்பட்டார்கள். கறுப்பர்கள் நடத்திய பத்திரிகைகள் அவரைத் தலைப்பில் போட்டுக் கொண்டாடின. அவருடைய தளபதி டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸுக்குப் பரிந்துரைத்தார். பிரிட்டனில் இருந்த ஜெனரல் ஜான் லீயின் அலுவலகம், இது அதைவிடப் பெரிய காரியம், மெடல் ஆஃப் ஹானருக்கே தகும் என்று கருதியது. இது எப்படித் தெரியும் என்றால், போர்த் தகவல் அலுவலகத்தில் இருந்த ஃபிலியோ நாஷ், வெள்ளை மாளிகையில் இருந்த ஜொனாதன் டேனியல்ஸுக்கு எழுதிய குறிப்பு ஒன்று, அதிபர் ட்ரூமன் பெயரில் இருக்கும் ஆவண நூலகத்தில் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பத்திரிகையாளர் கையில் கிடைத்தது. அதிபரே நேரில் அணிவிக்கும் அளவுக்குப் பெரிய விருது இது, வெள்ளைப் பையன்கள் சிலருக்கு அவர் அப்படிச் செய்திருக்கிறாரே என்கிற பொருளில் அதில் நாஷ் எழுதியிருக்கிறார்.

கடைசியில் உட்ஸனுக்கு வந்தது, அந்த இரண்டையும்விடக் கீழ்ப் படியில் இருக்கும் வெண்கல நட்சத்திரம்.

அவருக்கு மட்டுமா இப்படி? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்காகச் சேவை செய்த கறுப்பர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அந்தப் போருக்காக நானூறுக்கும் மேற்பட்ட மெடல் ஆஃப் ஹானர் பதக்கங்கள் வழங்கப்பட்டன. போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் வரை அவற்றில் ஒன்றுகூட ஒரு கறுப்பருக்குப் போகவில்லை. பத்து லட்சம் பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை என்று யாராவது நம்பியிருப்பார்களா? நம்பவில்லை. அதனால்தான் 1990களில் ராணுவமே ஷா பல்கலைக்கழகத்தைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தது. 1997 ஜனவரி 13 அன்று அதிபர் கிளின்டன் ஏழு கறுப்பின வீரர்களுக்கு அந்தப் பதக்கத்தை அறிவித்தார். அந்த ஏழு பேரில் நேரில் வந்து வாங்க உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவர்தான்.

அந்த நாளில் உட்ஸன் உயிரோடு இருந்தார். வயது 74. மேரிலாந்தில், வெள்ளை மாளிகையிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் குடியிருந்தார். அவரை அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை, காரணம் ஆவணங்கள் இல்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸில் இருக்கும் ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் சாம்பலாயின. 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட ராணுவத்தினரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது அதில் போனது. உட்ஸனின் கோப்பும் போனது.

இங்கேதான் உங்களோடு எனக்கு வாதம் இருக்கிறது. அந்தக் காப்பகம் யாருடையது? உங்கள் அரசாங்கத்துடையது. கோப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியவர் யார்? நிச்சயமாக உட்ஸன் இல்லை. அவர் செய்ய வேண்டியதைக் கரையில் செய்து முடித்துவிட்டார், அவர் தளபதி எழுத வேண்டியதை எழுதி மேலே அனுப்பிவிட்டார். அரசு வைத்திருந்த தாள் எரிந்துபோனதற்கு அவர் குடும்பம் சாட்சி தேடி அலைய வேண்டும் என்பது என்ன நியாயம்? கண்ணால் பார்த்தவர்களின் வாக்குமூலம் வேண்டும் என்கிறீர்கள். பார்த்தவர்களில் பலர் அந்தக் கரையிலேயே புதைக்கப்பட்டார்கள், மிஞ்சியவர்களை முதுமை கொண்டுபோய்விட்டது. ஆவணம் இல்லாததற்கு அரசே காரணமாக இருக்கும்போது, சந்தேகத்தின் பலனை வீரருக்குக் கொடுப்பதுதான் முறை. இத்தனைக்கும் அப்போதைய செய்திக் குறிப்பு இருக்கிறது, பத்திரிகைகள் இருக்கின்றன, நாஷின் குறிப்பு இருக்கிறது. 2024இல் இரண்டாவது உயரிய பதக்கத்தைத் தர இவை போதுமானவையாக இருந்தன.

ராணுவம் அவருக்குச் செய்தது அந்த ஒரு தடவையோடு நிற்கவில்லை. போர் முடிந்து திரும்பி லிங்கன் பல்கலைக்கழகத்துக்கே போனார். 1950இல் உயிரியலில் பட்டம் பெற்றார். கொரியப் போர் வந்தது, மறுபடியும் அழைத்தார்கள். ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் புது மருத்துவ உதவியாளர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று வரச் சொன்னார்கள். போய் நின்றார். வந்தவர் கறுப்பர் என்று தெரிந்ததும் அந்த வேலை இல்லை என்றாகிவிட்டது. இதற்கு முன்பே, 1948 ஜூலையில், ராணுவத்தில் இனப் பாகுபாடு கூடாது என்று அதிபர் ட்ரூமன் ஆணை போட்டிருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் ஆணை தலைநகரில் இருந்தது, ஃபோர்ட் பென்னிங் ஜார்ஜியாவில் இருந்தது. வால்ட்டர் ரீட் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், பிணவறையைப் பார்த்துக்கொள்ள. ஒமாஹா கரையில் அத்தனை பேரை உயிரோடு வைத்த கைகளுக்கு ராணுவம் கொடுத்த வேலை அது.

வெளியே வந்தவர் வீணாகிவிடவில்லை, கசந்தும் போய்விடவில்லை. பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையின் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்த்தார். 1959இல் தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போனார். திறந்த இதய அறுவை சிகிச்சை புதிதாக வளர்ந்துகொண்டிருந்த காலம். அறுவை அரங்குகளுக்கு ஆளும் கருவியும் ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1980இல் ஓய்வு பெறும் வரை அங்கேதான். டாக்டராக வேண்டும் என்று கிளம்பியவர் டாக்டர் ஆகவில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேல், கத்தி பிடித்தவர்களுக்குப் பின்னால், எல்லாம் தயாராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். அரங்கில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த வேலையில் ஒரு நாள் அசந்தால் மேஜையில் கிடப்பவரின் உயிருக்கு ஆபத்து.

1952இல் ஜோஆனை மணந்தார். மூன்று பிள்ளைகள். 2005 ஆகஸ்டில் அவர் இறக்கும் வரை ஐம்பத்து மூன்று ஆண்டு இல்லறம். போரைப் பற்றி வீட்டில் அதிகம் பேசாத தகப்பன் என்றுதான் குடும்பத்தார் நினைவுகூர்கிறார்கள். ஒருமுறை, 1994இல், நார்மண்டியின் ஐம்பதாம் ஆண்டு நினைவு விழாவுக்குப் பிரான்ஸ் அவரை அழைத்தது. போனார், பதக்கம் அணிந்து திரும்பினார். அவரை வரவழைத்துக் கௌரவிக்க வேண்டும் என்று அந்நிய நாட்டுக்குத் தோன்றியிருக்கிறது.

அவருக்குப் பிறகு வழக்கைத் தூக்கிப் பிடித்தவர் ஜோஆன்தான். கணவர் கேட்காததை மனைவி கேட்டார். கோரிக்கை மனு, பத்திரிகைப் பேட்டி, செனட் அலுவலகம் என்று ஆண்டுக்கணக்கில். மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன், வாஷிங்டனில் இருக்கும் ஆஃப்ரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். 2023 அக்டோபரில் ஆர்லிங்டன் கல்லறையில், கணவர் புதைக்கப்பட்ட இடத்தில், வெண்கல நட்சத்திரத்தையும் போர்க்கள மருத்துவ உதவியாளர் சின்னத்தையும் அவர் கையில் கொடுத்தார்கள். அப்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கணவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒன்றைக் கேட்டுப் பெற ஒரு பெண்ணின் முதுமை முழுவதும் போக வேண்டுமா?

உங்களில் சிலர் உழைத்திருக்கிறீர்கள் என்பதையும் மறக்கவில்லை. செனட்டர் கிறிஸ் வான் ஹோலனும் மற்றவர்களும் உட்ஸனுக்கு மெடல் ஆஃப் ஹானர் வழங்க வழி செய்யும் மசோதாவை 2020இல் கொண்டுவந்தார்கள். 2022இல் இல்லினாய்ஸின் ராக் ஐலண்ட் படைக்கலச் சாலையில் இருக்கும் மருத்துவ நிலையத்துக்கு உட்ஸன் பெயர் வைத்தீர்கள். 2024 ஜூன் 6 அன்று, நார்மண்டி தரையிறக்கத்தின் எண்பதாம் ஆண்டில், முதலாம் ராணுவத்தின் வீரர்கள் அவருடைய டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸை ஒமாஹா கரைக்கே எடுத்துப் போனார்கள். இதெல்லாம் செய்தவர்களுக்கு மனம் இருக்கிறது. மனம் இருப்பவர்களிடம்தான் மிச்சத்தையும் கேட்க முடியும்.

இது நடக்காத காரியமும் இல்லை. 1997இல் கௌரவிக்கப்பட்ட ஏழு பேரில் பெரும்பாலோர் முன்பே டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் பெற்றவர்கள். அதையே மெடல் ஆஃப் ஹானராக உயர்த்தினீர்கள், பதக்கம் வழங்குவதற்கான கால வரம்பைத் தளர்த்த நீங்களே சட்டமும் செய்தீர்கள். முதல் உலகப் போரின் ஹென்றி ஜான்ஸன் இன்னும் நல்ல உதாரணம். கறுப்பினத்தவரின் ஹார்லம் படைப்பிரிவுக்காரர். 1929இலேயே இறந்துவிட்டார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் கொடுத்தீர்கள். பிறகு, அந்தப் போரில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பெர்ஷிங் எழுதிய ஒரு பழைய குறிப்பு கண்டுபிடிக்கப்பட்டது, 2015 ஜூனில் அதிபர் ஒபாமா மெடல் ஆஃப் ஹானரை அறிவித்தார். உட்ஸன் இன்று அதே படியில் நிற்கிறார். அவருக்கும் ஒரு பழைய குறிப்பு கிடைத்திருக்கிறது. ஜான்ஸனுக்குப் பொருந்தியது இவருக்கு ஏன் பொருந்தாது?

இன்னொரு கவலையும் இருக்கிறது. 2025 மார்ச்சில் உங்கள் பாதுகாப்புத் துறையின் இணையதளத்திலிருந்து மேஜர் ஜெனரல் சார்ல்ஸ் ரோஜர்ஸைப் பற்றிய பக்கம் காணாமல் போனது. வியட்நாம் போரில் மெடல் ஆஃப் ஹானர் பெற்ற கறுப்பினத் தளபதி அவர். எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்ப வந்தது. உட்ஸன் உறங்கும் அதே ஆர்லிங்டன் கல்லறையின் இணையதளத்திலும் கறுப்பின வீரர்களைப் பற்றிய பக்கங்களுக்கான இணைப்புகள் அந்த நாட்களில் நீக்கப்பட்டன. ரோஜர்ஸுக்குப் பதக்கம் இருந்தது, அதனால் கேள்வி கேட்க ஆள் இருந்தது. உட்ஸனின் முதல் கோப்பு தீயில் போனது. அடுத்ததை ஒரு பொத்தானில் போகவிடாதீர்கள். நாடாளுமன்றச் சட்டத்தோடு பதிவாகும் விருதை அப்படி எளிதில் துடைத்துவிட முடியாது, நான் இத்தனை தூரம் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே இரு அவை உறுப்பினர்களே, 2020இல் கொண்டுவந்த மசோதாவின் நோக்கத்தை மறுபடி எடுத்து, கால வரம்பைத் தளர்த்தி நிறைவேற்றுங்கள். ராணுவ அதிகாரிகளே, எரிந்த கோப்பைக் கேட்காமல், ட்ரூமன் நூலகக் குறிப்பையும் 1944ஆம் ஆண்டு செய்திக் குறிப்பையும் முதன்மைச் சான்றாக ஏற்றுப் பரிந்துரை எழுதுங்கள். அறிவிக்கும் நாளில் 320ஆவது படைப்பிரிவின் பெயரையும், அன்று உட்ஸனோடு கரையேறிய மற்ற மருத்துவ உதவியாளர்களையும் சேர்த்துப் படியுங்கள். பதக்கத்தை அவர் குடும்பத்தார் கையில் கொடுங்கள், அவர்கள் அதை அருங்காட்சியகத்தில் சேர்த்துவிடுவார்கள்.

மரியாதையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு செவிலியர்